நாய்களின் ஈறு நோய்

பல்லைப் பற்றியிருக்கும் ஈறும், அதற்கடியில் பல்லைத் தாங்கும் எலும்பும் கெட்டுப்போவது ஈறு நோய். வளர்ப்பு நாய்களுக்கு மிகப் பரவலாக வருவது. மிகத் தாமதமாகக் கவனிக்கப்படுவதும் இதுதான். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் தறிக்குழி ஓரம் படுத்திருக்கும் நாட்டு நாயானாலும், மாடி வீட்டுப் பொமரேனியன் ஆனாலும், வாய் நாறினால் ‘நாய் வாய் அப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள். அப்படி இல்லை. நலமான நாயின் வாயில் அழுகல் வாடை இருக்காது.

நாய்க்குப் பால் பற்கள் 28, நிலைப்பற்கள் 42. தின்ற சில மணி நேரத்தில் பல்லில் கிருமிப் படலம் படிகிறது. துடைக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் உமிழ்நீரின் சுண்ணச் சத்தோடு சேர்ந்து காரையாக இறுகுகிறது. மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லருகே உமிழ்நீர்க் குழாய் திறப்பதால் காரை அங்கேதான் தடிமனாக ஏறும். சின்னத் தாடைக்குள் பற்கள் நெருக்கியடிக்கும் பொமரேனியன், பக், டாஷண்டு இனங்களுக்குத் தொல்லை அதிகம்.

வாயைப் பிளக்க வேண்டாம். பக்கவாட்டு உதட்டை விரலால் தூக்கினாலே போதும். இளஞ்சிவப்பு ஈறு நலம். நாட்டு நாய்களுக்குக் கருந்திட்டுகள் இருப்பது பிறவி நிறம். பல்லோரம் சிவப்புக் கோடு, தொட்டால் இரத்தம், ஒரு பக்கமாகவே மெல்லுதல் ஆகியவை நோய்க்குறிகள். கண்ணுக்குக் கீழே வீங்கினால் கடைவாய்ப்பல் வேரில் சீழ் பிடித்திருக்கலாம். ஈறு வெளுத்திருந்தால் கோளாறு வாயில் இல்லாமல் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குரல் மாறிய நாயின் வாயில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது வெறிநோயாக இருக்கலாம்.

சிவப்போடு நிற்கும்வரை ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். எலும்பு கரைந்துவிட்டால் திரும்பாது. மெல்லிய பிரஷ்ஷால் தினமும் துலக்குவதே சிறந்த தடுப்பு. நம்முடைய பற்பசை ஆகாது: நாய் துப்பாது, சிலவற்றில் உள்ள சைலிட்டால் அதற்கு நஞ்சு. எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்பார்கள். கடைவாய்ப்பல் உடைந்து வருவதுதான் மிச்சம். தறி வீட்டு நாயின் உதட்டைத் தூக்கிப் பார்க்கும்போது நூலிழை வாயில் தொங்கி, மறுமுனை உள்ளே போயிருந்தால் இழுக்கக் கூடாது, குடலை அறுத்துவிடும்.

இறுகிய காரையை மயக்க மருந்து கொடுத்துத்தான் கால்நடை மருத்துவர் எடுப்பார். ஆடும் பல்லைப் பிடுங்கவும் நேரும். பல் போனால் எப்படித் தின்னும் என்ற கவலை வேண்டாம். நாய் மெல்வதைவிட விழுங்குவதே அதிகம். புண் ஆறியதும் தயிர்ச்சோற்றை முன்போலவே வழித்துத் தின்னும்.