நிலத்துக்குள் காய்ச்சிய எண்ணெய்

திருக்கோவில், கல்முனைப் பக்கத்து நாட்டு வைத்தியருக்குக் குழித்தைலம் புதியதன்று. அடியில் துளையிட்ட பானையிலே சேங்கொட்டையை நிறைத்து, வாயை மூடிச் சீலைமண் செய்து, குழிக்குள் வைத்த கலத்தின்மேல் இருத்தி, சுற்றிலும் வறட்டி அடுக்கி நெருப்பிடுவர். வெப்பம் ஏற ஏறத் தைலம் சொட்டுச் சொட்டாகக் கீழ்க்கலத்தில் இறங்கும். நேயர்களே, பானையை விட்டுக் காணியையே காய்ச்ச முனைந்த தேசம் ஒன்றுண்டு. அது சுவீடன்.

1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை டென்மார்க்கிலும் நோர்வேயிலும் புகுந்தது. போரிற் சேராத சுவீடனுக்கு மேற்குக் கடல்வழி அடைபட்டது. எண்ணெய்க் கப்பல்களின் வரவு அருகிற்று. வண்டி ஓட வேண்டும், கப்பல் ஓட வேண்டும். கையிலிருந்ததோ நார்க்கே மாகாணத்துக் குவார்ன்தோர்ப்பின் கரும் களிப்பாறை.

அப்பாறையில் எண்ணெய், எண்ணெயாக இல்லை. கெரோஜென் என்னும் கரிமப் பொருளாக இறுகிக் கிடக்கிறது. காற்றுப்படாமல் 400 பாகை அளவுக்குச் சூடேற்றினால் எண்ணெயாவியும் வாயுவும் பிரியும். பாறையை வெட்டி உலையிலிடுவதே ஸ்கொட்லாந்தில் 19ஆம் நூற்றாண்டு முதல் நிகழ்ந்த முறை. குவார்ன்தோர்ப்பிலும் உலைகள் எழுந்தன. ஆனால் பிரெட்ரிக் யுங்ஸ்த்ரோம் என்னும் பொறியியலாளர், சுண்ணக்கல் மூடிய பாறையை ஏன் வெட்ட வேண்டும் என்று எண்ணினார். நிலத்தில் நெருக்கமாகத் துளையிட்டு மின்சூடாக்கிகளை இறக்கினார். கல் சூட்டை எளிதிற் கடத்தாது. ஆதலால் மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். பின்னரே, இடையிலிருந்த வேறு துளைகளால் ஆவி மேலேறிற்று, குளிர்ந்து எண்ணெயாயிற்று.

எண்ணெய்க்காக மின்சாரத்தைச் செலவிடுவது விசித்திரமே. ஆயினும் அருவிகளின் நாட்டிலே மின்சாரம் இருந்தது, எண்ணெய் இல்லை. இக்கணக்கு முற்றுகைக் காலத்துக்கே பொருந்திற்று. அமைதி திரும்பி மலிவான எண்ணெய் வந்தபின் அது நிற்கவில்லை. 1966இல் குவார்ன்தோர்ப்புத் தொழிற்சாலை மூடப்பட்டது.

பின்னாளில் அமெரிக்காவின் கொலராடோவில் ஷெல் நிறுவனமும் பாறையை நிலத்தடியிலே சுட்டுப் பார்த்தது. நிலத்தடி நீர் புகாதிருக்கச் சுற்றிலும் மண்ணை உறைய வைத்துப் பனிச்சுவர் எழுப்பியது. நடுவே நெருப்பு, சுற்றிலும் பனி! இருபுறமும் செலவுதான். 2013இல் அந்நிறுவனம் அங்கிருந்து விலகிற்று.

குவார்ன்தோர்ப்பு உலைகள் கக்கிய சாம்பலும் கல்லும் ஏறத்தாழ 100 மீற்றர் உயரக் குன்றாக நிற்கின்றன. அதன் உட்பகுதியிற் சூடு இன்னமும் ஆறவில்லை.