சந்தையும் வாக்குச்சாவடியும்

சந்தைக்குச் செல்பவன் விலையையும் தரத்தையும் சீர்தூக்கிப் பார்த்தே பொருளை வாங்குகிறான். அதே மனிதன் வாக்குச்சாவடிக்குச் செல்லும்போதும் இலாப நட்டக் கணக்குப் பார்க்கிறானா? 20-ஆம் நூற்றாண்டில் அறிஞர் சிலர் இவ்வினாவை எழுப்பினர். அவர்கள் கண்ட விடைகளும், அவற்றில் தோன்றிய சிக்கலும் மாணவர்கள் அறியத்தக்கவை.

1929-இல் அமெரிக்க அறிஞர் ஹெரால்டு ஹோட்டலிங் வணிகப் போட்டியைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதினார். நீண்ட தெருவொன்றில் ஒரே பொருளை விற்கும் கடைகள் இரண்டு இருப்பதாகக் கொள்வோம். மக்கள் அருகிலுள்ள கடையையே நாடுவர். ஆகவே, வாடிக்கையாளரை மிகுதியாகப் பெற விழையும் வணிகர் இருவரும் ஒருவரையொருவர் நெருங்கியே கடை வைக்க முனைவர். அமெரிக்காவின் இரு பெருங்கட்சிகளும் கொள்கையில் நெருங்கி வருவதற்கு இத்தகைய போட்டியே காரணம் என்று அவர் சுட்டிக்காட்டினார்.

1957-இல் அந்தோனி டவுன்ஸ் என்பவர் இக்கருத்தை விரித்து ஒரு நூலாக்கினார். கட்சிகள் வாக்குகளைத் தேடுகின்றன. வாக்காளர் தமக்குப் பயன்தரும் கட்சியைத் தேடுகின்றனர். இதுவே அந்நூலின் அடிப்படை. ஆனால், இதிலிருந்தே ஒரு சிக்கலும் பிறந்தது. இலட்சக்கணக்கான வாக்குகளில் ஒரு வாக்கினால் முடிவு மாறுவது அரிதினும் அரிது. வரிசையில் நிற்கும் நேரமோ உறுதியான செலவு. அங்ஙனமாயின், கணக்குப் பார்ப்பவன் வீட்டிலேயே இருந்துவிட வேண்டுமன்றோ? மக்களாட்சி நிலைபெறுவதும் ஒரு பயனே என்று டவுன்ஸ் விடை கூறினார். ஆயினும், 'நான் ஒருவன் செல்லாவிடினும் அது நிலைக்குமே' என்று ஒருவன் கேட்டால் அவ்விடை தளர்ந்துபோகிறது.

1965-இல் மன்கூர் ஓல்சன் இச்சிக்கலை மேலும் தெளிவாக்கினார். ஆளுக்கொரு குடம் பால் ஊற்றுமாறு அரசன் ஆணையிட, விடிந்து பார்த்தபோது தொட்டி நிறையத் தண்ணீரே இருந்தது என்னும் கதையை நாம் கேட்டிருக்கிறோம். பெருங்கூட்டத்தில் ஒவ்வொருவரும் பிறர் உழைப்பில் பயனடையவே எண்ணுவர் என்பது ஓல்சன் கருத்து.

ஆனால், எல்லாத் தொட்டிகளிலும் தண்ணீரே நிறைவதில்லை. எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் 1990-இல் வெளியிட்ட நூலில், சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்னும் மலைக்கிராமத்தைக் காட்டுகிறார். குளிர்காலத்தில் தன்னால் தீனியிட்டுக் காக்க இயன்ற அளவு பசுக்களையே ஒருவன் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று அவ்வூரார் 1517-இல் விதி வகுத்தனர். மீறியோர்க்குத் தண்டம் உண்டு. தண்டம் வசூலிக்கும் அலுவலர்க்கு அதில் பாதி உரியது. தன்னலத்தை மறுக்காமலே, அதனைப் பொதுநலத்திற்குக் காவலாக்கிய திறத்தைக் காண்க! புல்வெளியும் அழியாது காக்கப்பட்டது. பொதுவளங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2009-இல் ஆஸ்ட்ரம் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

மாணவர்களே! மனிதன் கணக்குப் பார்ப்பவன் என்னும் கொள்கை பொய்யன்று. ஆயினும் அது முழு உண்மையுமன்று. அண்டை வீட்டாருடன் கூடி விதி வகுக்கவும், அவ்விதிக்குத் தானே கட்டுப்படவும் மனிதன் வல்லவன். 'என் ஒருவன் வாக்கினால் ஆவதென்ன?' என்னும் வினா 18 வயது நிறைந்ததும் உங்கள் முன்னும் வந்து நிற்கும். அப்போது டவுன்ஸின் கணக்கோடு டோர்பெல் ஊராரின் விதியையும் நினைவிற் கொள்ளுங்கள்.