மாயாவியை எழுதிய ரசிகர்

மரக்காணத்தில் பழைய காமிக்ஸ் சேர்ப்பது வீண் வேலை. உப்புக்காற்றுக்கு முதலில் பலியாவது நடுப்பக்கத்துப் பின். அது துருப்பிடித்து, சுற்றிலும் பழுப்புக் கறை படர்ந்து, கறை பட்ட தாள் மட்டும் பொடிப்பொடியாக உதிரும். என்னிடமுள்ள ‘இரும்புக்கை மாயாவி’யில் பின்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நூல் கோத்துத் தைத்து வைத்திருக்கிறேன். உப்பளத்தில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவனுக்குச் சாக்கு ஊசிக்கா பஞ்சம்?

1972 ஜனவரியில் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் இந்தக் கதைதான். முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்தார். பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கும் லூயிஸ் கிராண்டேல் விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். கை மட்டும் அந்தரத்தில் தெரியும். திண்டிவனம் பஸ் நிலையக் கடையில் யாராவது ஒருவர் வாங்கிவரும் பிரதி, அட்டை கிழியும்வரை எங்கள் தெருவைச் சுற்றும். பிளக்கில் விரல் விடப்போன பையன் ஒருவன் அவன் அம்மாவிடம் விளக்குமாற்றால் வாங்கிக் கட்டிக்கொண்டான். மறைந்துதான் போயிருப்பான், வேறு விதமாக.

இதை எழுதியது யார் என்று அப்போது எவனும் கேட்கவில்லை. சிவகாசிக்காரர்தான் யாரோ எழுதுகிறார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். கதை 1962 அக்டோபரில் ‘வேலியன்ட்’ என்ற லண்டன் வார இதழில் வந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் காமிக்ஸ் இதழ்களில் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ போடுகிற வழக்கமில்லை. அங்கேயே இல்லாத பெயர் இங்கே எப்படி வரும்? வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. எழுதத் தொடங்கியவர் கென் பல்மர். பின்னால் டாம் டுல்லி தொடர்ந்தார்.

பல்மர் பிற்பாடு நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். ஆனால் முதலில் அவர் அறிவியல் புனைகதை ரசிகர். சைக்ளோஸ்டைல் பத்திரிகை போடுவது, கூட்டத்துக்குக் கூட்டம் ஓடுவது என்று அலைந்த கூட்டத்தில் ஒருவர்.

அந்தக் கூட்டம் உருவானது ஒரு சின்ன அச்சுப் பழக்கத்தால். 1926இல் நியூயார்க்கில் ஹ்யூகோ ஜெர்ன்ஸ்பேக் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ தொடங்கினார். வாசகர் கடிதப் பகுதியில் கடிதம் எழுதியவரின் முழு முகவரியையும் அச்சிட்டார். வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள், சங்கங்கள் முளைத்தன. 1937 ஜனவரி 3ஆம் தேதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சுமார் இருபது பேர் மாநாடு என்று பெயர் வைத்துக் கூடினார்கள். அதில் ஒரு இளைஞர் ஆர்தர் சி. கிளார்க். 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக மாநாட்டுக்கு ஏறக்குறைய 200 பேர் வந்தார்கள். அமைப்பாளர்களோடு தகராறு என்பதால் ஆறு பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சங்கம் என்று ஒன்று இருந்தால் கோஷ்டி இல்லாமலா?

லண்டன்காரர்கள் வியாழக்கிழமை தோறும் ஃபெட்டர் லேனில் ‘வொயிட் ஹார்ஸ்’ மதுக்கடையில் கூடினார்கள். பின்பு ஹாட்டன் கார்டனில் ‘குளோப்’ கடைக்கு மாறினார்கள். 1952இல் பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த வால்ட் வில்லிஸ் என்ற ரசிகரை மற்ற ரசிகர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் காசு போட்டு சிகாகோ மாநாட்டுக்கு வரவழைத்தார்கள். அது நன்றாக நடக்கவே நிரந்தர நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். யாரை அனுப்பலாம் என்று ரசிகர்கள் வாக்குப் போடுவார்கள், வாக்கோடு சிறு தொகையும் சேர்த்து. நம் ஊர் மொய் மாதிரிதான். இன்று உனக்கு, நாளை வேறொருவருக்கு. அந்த நிதியில் 1955இல் கிளீவ்லேண்ட் மாநாட்டுக்குக் கடல் கடந்து போனவர் கென் பல்மர். ஏழு வருஷம் கழித்து அவர் எழுதிய இரும்புக் கைதான் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

தமிழ்ப் பத்திரிகைகளில் வாசகர் கடிதத்துக்குக் கீழே என்ன இருக்கும்? பெயர், ஒரு காற்புள்ளி, ஊர். அவ்வளவுதான். மரக்காணம் என்று போட்டிருக்கும் ஆளை நான் எந்த அளத்தில் போய்த் தேடுவது? பேனா நண்பர் பகுதி முகவரி தந்தது உண்மை. ஆனால் அங்கே பொழுதுபோக்கு என்ற இடத்தில் எல்லோரும் தபால்தலை, சினிமா என்றே எழுதினார்கள். சுஜாதா ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ எழுதியபோது தமிழ்நாடே படித்தது. ஒவ்வொருவரும் சுஜாதாவுக்குத்தான் கடிதம் போட்டோம்; ஒருவருக்கொருவர் போடவில்லை. 1956லிருந்து கிளார்க் இலங்கையில்தான் வசித்தார். அவரைச் சுற்றியும் தமிழில் ஒரு கூட்டம் கூடியதாகத் தெரியவில்லை. எழுத்தாளரை வழிபடத் தெரிந்த நமக்கு, பக்கத்து ஊர் வாசகனைத் தேடிப் போகத் தெரியவில்லை என்பேன்.

அதைக் கற்றுக்கொடுத்தது இலக்கியப் பத்திரிகை அல்ல, காமிக்ஸ். சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸில் ‘ஹாட்லைன்’ என்று ஒரு பக்கம் உண்டு. அச்சுத் தாமதம், காகித விலை, அடுத்த கதை எல்லாவற்றையும் வீட்டு ஆளிடம் சொல்வதுபோல் அதில் எழுதுவார். நடுவில் இதழ்கள் தடுமாறின. 2012 ஜனவரியில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ வந்தபோது நாற்பதைத் தாண்டிய பையன்கள் திரும்பி வந்தார்கள். பிற்பாடு ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி வாசகர் சந்திப்பு நடக்கத் தொடங்கியது.

ஆடி மாதம் வெயிலும் காற்றும் சேர்ந்து உப்பு விளையும் நேரம். அளத்தில் விடுப்பு கேட்டால் முதலாளி முறைப்பார். அப்படியும் போய்விடுகிறேன். முதல் தடவை போனபோது, மண்டபத்தில் மேடையைப் பார்த்து உட்கார்ந்தவர்களைவிட, பின்வரிசையில் பையைத் திறந்து பழைய பிரதிகளைப் பரப்பிக்கொண்டிருந்தவர்களே அதிகம். டெக்ஸ் வில்லர் கதைகளுக்கு அடுத்த ஆண்டு எத்தனை இடம் என்று சண்டை; மாயாவியை மறுபடி போடுங்கள் என்று வேண்டுகோள். எழுந்து நின்று, மாயாவியை எழுதிய பல்மரும் நம்மைப் போல இப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்தான், அவர் பெயரையும் நாலு பேர் அறிய வேண்டும் என்றேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “உக்காருங்கண்ணே. மாயாவியே கண்ணுக்குத் தெரியமாட்டான். அவனை எழுதுனவரு மட்டும் தெரியணுமா?”

மண்டபம் சிரித்தது. டீ வந்துவிட்டது.