கஞ்சித் தொட்டியும் விசுவாசமும்

மலர்க் குழுவினர் வந்து, "ஐயா, விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் வார்டனைப் பற்றியும் நிறைய பேர் எழுதிட்டாங்க. நீங்க வரலாறு படிச்சவரு, ஒரு வரலாற்றுக் கட்டுரை குடுங்க" என்று கேட்டார்கள். வரலாற்று வகுப்பில் மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனாலும் அறுபதுகளில் எழுதி, பாதித் திருப்தியோடு கொடுத்துவிட்டு வந்த ஒரு கட்டுரை மனசுக்குள் அப்படியே கிடக்கிறது. அதைத் திரும்ப எழுதிப் பார்க்க இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று ஒப்புக்கொண்டேன்.

கதை விடுதியில்தான் ஆரம்பிக்கிறது. ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் நண்பன் ஒருவன் விளையாட்டாக என்னை, "என்ன கஞ்சி வேதக்காரா, இன்னிக்குச் சோறா கஞ்சியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களுக்கு வேதக்காரர் என்று பெயர். அது சாதாரண வார்த்தை. முன்னால் 'கஞ்சி' சேர்ந்தால் அர்த்தம் வேறு. பஞ்சத்தில் கஞ்சிக்காக மதம் மாறியவன் வம்சம் என்று பொருள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியாததுதான் காரணம். எங்கள் குடும்பம் வேதத்தில் சேர்ந்தது தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டித்தான்.

இப்போது படிக்கும் மாணவர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்று விருதுநகர் மாவட்டம். நாங்கள் படித்த காலத்தில் இராமநாதபுரம் மாவட்டம், 1985-ல்தான் பிரித்தார்கள். கரிசலும் செவலும் கலந்த மானாவாரிப் பூமி. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாய் நிறையும், பருத்தியும் மிளகாயும் கம்பும் வீடு வரும். பெய்யாவிட்டால் திருச்சுழிக் குண்டாற்றில் மணல்தான் ஓடும். எங்கள் ஊர் வேதக்கோயிலில் 'கரையேறுதல்' என்று பிரசங்கம் நடக்கும்போது பின்வரிசைப் பெரிசு ஒருவர், "தண்ணியவே காணோம், கரை எங்கிட்டு ஏற?" என்று முணுமுணுப்பார்.

இந்தப் பூமிக்குப் புராட்டஸ்டண்ட் மார்க்கத்தைக் கொண்டுவந்தது அமெரிக்கன் மதுரை மிஷன். யாழ்ப்பாணத்திலிருந்து 1834-ல் மதுரைக்கு வந்தவர்கள் அவர்கள். 1850களிலும் 1860களிலும் திருச்சுழி வட்டாரத்து மண்டபசாலையில் ஹொரேஸ் டெய்லர் என்ற மிஷனரி குடியிருந்து ஊர் ஊராகப் போய் வந்தார். பிற்பாடு அருப்புக்கோட்டையும் ஒரு நிலையமாயிற்று. கத்தோலிக்கர் அதற்கு வெகுகாலம் முன்பே சேதுநாட்டில் இருந்தார்கள். அருளானந்தர் என்கிற ஜான் தெ பிரிட்டோ 1693-ல் ஓரியூரில் வெட்டுண்டதை நீங்கள் படித்திருப்பீர்கள்.

இவர்கள் கொண்டுவந்த செய்தியின் நடுமையம் ஒன்றே ஒன்றுதான். மனிதன் தன் புண்ணியக் கணக்கைக் காட்டி மோட்சத்தைச் சம்பாதிக்க முடியாது. கடவுள் இனாமாகக் கொடுப்பதை நம்பி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 1517-ல் ஜெர்மனியில் கிளம்பிய லூத்தரின் கலகம் இந்தக் கருத்தைச் சுற்றித்தான் வளர்ந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததும் இதுதான். பைபிளில் இதற்கு இரண்டு கதைகளை எப்போதும் காட்டுவார்கள். ஒன்று, இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளன். அவன் ஞானஸ்நானம் வாங்கவில்லை, வேதபாடம் படிக்கவில்லை, ஒரு நல்ல காரியம் செய்யவும் அவகாசமில்லை. என்னை நினைத்துக்கொள்ளும் என்று ஒரு வார்த்தை கேட்டான், அவ்வளவுதான். இன்னொன்று, பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலன். நான் என்ன செய்ய வேண்டும் என்று நடுங்கிக்கொண்டு கேட்டவனுக்கு, நம்பு என்பதுதான் பதில். அதே ராத்திரி குடும்பத்தோடு ஞானஸ்நானமும் ஆகிவிட்டது. யாக்கோபின் நிருபம் மட்டும் செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்று குறுக்கே நிற்கும். லூத்தருக்கு அந்த நிருபத்தின் மேல் அவ்வளவு பிரியம் கிடையாது. இந்த வழக்கில் லூத்தரன் சபையாரும் கத்தோலிக்கரும் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட 1999 வரை ஆயிற்று.

செய்தி இவ்வளவு எளிது. நடைமுறை அப்படி இல்லை. நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். நம்பினால் போதும் என்று பிரசங்கித்தவர்கள், நம்பிக்கையை எப்படி அளப்பது என்று தெரியாமல் அளவுகோல்களைத் தேடினார்கள். மதுரை மிஷன் 1847-ல் சாதியை விட்டதற்கு அடையாளமாகச் சமபந்தி உண்ண வேண்டும் என்று வற்புறுத்தியது. உட்கார மறுத்த உபதேசிமார்களுக்கு வேலை போயிற்று. அந்த வற்புறுத்தல் நியாயம் என்றே நான் நினைக்கிறேன். இருந்தாலும் அது ஒரு பரீட்சைதானே? ஞானஸ்நானத்துக்கு வந்தவர்களுக்கும் பரீட்சை இருந்தது. கர்த்தருடைய ஜெபம், பத்துக் கற்பனை, வினாவிடை எல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். எழுத்தே தெரியாத சம்சாரிக்கும் இதே கதிதான்.

அப்புறம் வந்தது பஞ்சம். 1876-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அது தாது வருஷம். அதற்கடுத்த ஈஸ்வர வருஷமும் கைகொடுக்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் உயிர் போனதாகப் பின்னால் வந்த பஞ்சக் கமிஷன் கணக்கிட்டது. 1877 ஜனவரியில் செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஆளுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியை வெட்டினார். ஒரு ராத்தல் என்றால் அரைக்கிலோகூட வராது. கல் உடைத்து மண் சுமப்பவனுக்கு அது காணாது என்று சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் சண்டை போட்டார். ஊருக்கு ஊர் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். மிஷனரிகளும் நிதி திரட்டிக் கஞ்சி ஊற்றினார்கள்.

அந்த இரண்டு மூன்று வருடங்களில்தான் தென்மாவட்டங்களில் கூட்டம் கூட்டமாகச் சனங்கள் வேதத்தில் சேர்ந்தார்கள். 1877-ல் பிஷப்பான கால்டுவெல்லின் திருநெல்வேலிப் பகுதியில் அது ஆயிரக்கணக்கில் நடந்தது. இது வயிற்று விசுவாசம் என்ற ஏளனம் அப்போதே கிளம்பிவிட்டது. ஏளனம் செய்தவர்கள் வெளியார் மட்டுமல்ல, மிஷனுக்கு உள்ளேயும் சந்தேகப்பட்டார்கள். கால்டுவெல்லின் பதில் நடைமுறைக்காரரின் பதில். வரும்போதே உயர்ந்த நோக்கத்தோடு வரவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, வந்தபின் கற்றுக்கொள்வார்கள், பிள்ளைகள் இன்னும் நன்றாகக் கற்பார்கள் என்பது அவர் கருத்து. மழை பெய்து வெள்ளாமை வந்ததும் திரும்பிப் போனவர்களும் உண்டு. அதை மறைப்பது வரலாறு ஆகாது.

விடுதிச் சம்பவத்துக்கு அடுத்த விடுமுறையில் நான் அப்பத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். அவளுக்கு அப்போது எழுபத்தைந்துக்கு மேலிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. "அப்பத்தா, நாம கஞ்சிக்காகவா வேதத்துல சேந்தோம்?" என்று நேராகவே கேட்டேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வெற்றிலையை இடித்துக்கொண்டே, "ஆமாய்யா, கஞ்சி ஊத்துனாக, குடிச்சோம். குடிக்காட்டி நீ ஏது, நான் ஏது?" என்றாள். பிறகு அவளுடைய அம்மாச்சியின் கதையைச் சொன்னாள்.

அந்தக் கிழவி பஞ்சத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். மழை பெய்து, தொட்டியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஞானஸ்நானம் கேட்டுப் போயிருக்கிறாள். உபதேசியார் பத்துக் கற்பனையைச் சொல்லச் சொன்னார். ஆறுக்கு மேல் ஓடவில்லை. படித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை ஐந்துதான் வந்தது. மூன்றாம் தடவை அவருக்கே அலுத்துப்போய், "சரி ஆத்தா, உனக்கு என்னதான் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். கிழவி, "எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி. அவரு என்னைய விடமாட்டாரு, அது தெரியும்" என்றாளாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்.

இது செவிவழிச் செய்தி. இதே போன்ற கதையைப் பிற்பாடு வேறு இரண்டு குடும்பங்களிலும் கேட்டிருக்கிறேன், கற்பனைகளின் எண்ணிக்கைதான் மாறும். ஆகவே அந்த உபதேசியார் அப்படியே கேட்டார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் எங்கள் சனங்கள் தங்கள் விசுவாசத்தைப் பற்றித் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. மிஷனரியின் கொள்கைப்படியே பார்த்தாலும் கிழவி பாஸ். தன்னிடம் காட்ட ஒன்றுமில்லை, கொடுப்பவர் விடமாட்டார் என்பதுதானே லூத்தர் மல்லுக்கட்டிய விஷயம்? வெறுங்கையோடு வா என்று கூப்பிட்டுவிட்டு, ஏன் வெறுங்கையோடு வந்தாய் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இந்த நியாயத்தை முழுசாக நடத்திப் பார்த்த ஒருவர் நம் மாவட்டத்திலேயே பஞ்சத்துக்கு முந்திய தலைமுறையில் இருந்தார் என்பது கல்லூரியில் எனக்குத் தெரியாது. ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810-ல் பிறந்தவர், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். 1833-ல் இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரோடு பழக்கமானார். குரோவ்ஸ் பல் வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு, யாரிடமும் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்ய வந்தவர். பிரிஸ்டலில் யாரிடமும் பணம் கேட்காமல் அநாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர் இவருடைய தங்கை கணவர். அருளப்பனும் மிஷன் சம்பளம் வேண்டாமென்று, 1840-ல் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். குருப்பட்டம் இல்லாதவர்களே அங்கே நற்கருணை கொடுத்தார்கள். 1860-ல் அங்கே எழுப்புதல் கிளம்பி, படிக்காத ஆண்களும் பெண்களும் எழுந்து நின்று பேச ஆரம்பித்தபோது, சில மிஷனரிகள் மகிழ்ந்தார்கள், சிலர் பயந்தார்கள். அருளப்பன் 1867-ல் காலமானார். அளவுகோலைத் தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல உதாரணம். உற்சாகமும் வரும், கட்டுப்பாடில்லாத குழப்பமும் வரும். மிஷனரிகள் பயந்ததிலும் கொஞ்சம் அர்த்தம் உண்டு என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. இருபது வயசில் தோன்றியிருக்காது.

இந்த விசுவாசம் கப்பலில் வந்த சரக்கு என்பாரும் உண்டு. முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. வைணவத்தில் குரங்குக்குட்டி நியாயம், பூனைக்குட்டி நியாயம் என்று ஒரு பழைய வழக்கு இருக்கிறது. குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாய் வாயால் கவ்விக் கொண்டுபோகும். தென்கலையார் பூனைக் கட்சி. ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த அருள்நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930-ல் ஒரு புத்தகமே எழுதினார். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்று 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய கிருஷ்ணபிள்ளைக்கு இது புத்தகம் படித்தா தெரிய வேண்டும்? எங்கள் கிழவியும் பூனைக் கட்சிதான், அவளுக்குப் பெயர் தெரியாது, அவ்வளவே.

பஞ்சம் ஓய்ந்த அடுத்த வருடம், 1879 டிசம்பர் 30-ல், திருச்சுழியில் ஒரு குழந்தை பிறந்தது. மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்து, 1896-ல் ரயிலேறித் திருவண்ணாமலைக்குப் போனது. ரமண மகரிஷியைத்தான் சொல்கிறேன். அவர் பிற்காலத்தில் பைபிள் வசனங்களைத் தாராளமாக எடுத்துச் சொல்வார். எங்கள் ஊர்க்காரர் என்பதால் இதை எங்கேயாவது செருகாமல் என்னால் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறை முடிந்து வந்து, அப்பத்தா சொன்னதையும் சேர்த்துக் கட்டுரையை எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் கிழவி கதைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'ஆதாரம்?' என்று எழுதிவிட்டு, முழுசாகப் படித்ததற்கு அடையாளமாகக் கடைசிப் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழையையும் திருத்தியிருந்தார். ஊருக்குப் போய் அப்பத்தாவிடம் அதைச் சொன்னேன். "ஆதாரம்னா என்னய்யா?" என்றாள். சாட்சி என்றேன். "நாந்தேன் இருக்கேன்ல" என்றாள்.

விடுதி வரிசையில் கேலி செய்த நண்பன் இந்த வருட சந்திப்புக்கு வருகிறான். போன வாரம் போனில், "என்னப்பா, கஞ்சி உண்டா?" என்று கேட்டான். சாப்பாட்டுக் குழுவில் சொல்லிவைத்திருக்கிறேன். கம்பங்கஞ்சி, மோர் மிளகாய், சின்ன வெங்காயம். காலை பத்தரைக்கு, பழைய விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில்.