முகமும் வரிப்பணமும்: அரிய நோய் மருந்துக்கான காணொளி முறையீட்டின் வரலாறு குறித்து

மருந்துக்குப் பொதுநிதி கேட்கும் இயக்கங்களை ஆராய்வோர் பலரும், தாமஸ் ஷெல்லிங் 1968-இல் எழுதிய கட்டுரையின் அபிப்ராயத்தையே இன்றளவும் பிரமாணமாகக் கொள்கின்றனர். சிகிச்சைக்குப் பணமில்லாத ஒரு சிறுமியின் செய்தி வெளிவந்தால் தபால் நிலையம் காசுகளால் நிரம்பிவிடும். விற்பனை வரி இல்லாமையால் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆஸ்பத்திரிகள் நலிந்து, தடுக்கத்தக்க மரணங்கள் சிறிதே கூடும் என்றாலோ கண்ணீர் விடுவோர் வெகு சிலரே என்றார் அவர். 2021-இல் தசைச் சிதைவு நோயுற்ற கண்ணூர்க் குழந்தையொன்றின் ஒற்றை ஊசிமருந்துக்காக, அதே நோயால் சக்கர நாற்காலியில் இருந்த அக்காள் காணொளியில் பேசியபோது, தேவையான 18 கோடி ரூபாயைத் தாண்டி 46 கோடிக்கு மேல் குவிந்தமை அவர் கூற்றை நிரூபிப்பதாகவே தோன்றும்.

ஆயினும் முகத்தையும் வரியையும் அவர் எதிரெதிராக நிறுத்தியதை நான் ஏற்கவில்லை. ஒருமுறை செலுத்தினால் போதுமான மருந்துக்கு நன்கொடை ஈடுகொடுக்கலாம். கௌச்சர் என்னும் அரிய நோய்க்குரிய நொதி மருந்தையோ இரு வாரத்துக்கொரு முறை ஆயுள் முழுதும் ஏற்றியாக வேண்டும். அங்கே முகமே வரிப்பணத்தைக் கேட்கிறது. ரிக்‌ஷா ஓட்டும் ஏழைத் தந்தை ஒருவர் அந்நோயுற்ற தம் மகனுக்காகத் தொடுத்த வழக்கில், நிதியில்லை என்று அரசு கைவிரிக்கலாகாது என டில்லி உயர்நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அத்தகைய வழக்குகளின் தொடர்ச்சியாகவே 2017-இல் அரிய நோய்க் கொள்கை வந்தது, மறு ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டு, 2021 மார்ச்சில் புது உருவில் மீண்டது.

இங்கே ஒரு வாசகத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். அரிய நோயாளிகள் சொந்த உபயோகத்துக்காகத் தருவிக்கும் மருந்துகளுக்குச் சுங்க வரியை 2023 ஏப்ரல் 1 முதல் நீக்கிய மத்திய அரசு, தன் அறிவிப்பில், 10 கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்குச் சில நோய்களில் ஆண்டுச் செலவு 10 லட்சம் முதல் 1 கோடிக்கு மேலும் ஆகும் என்றும், வயதும் எடையும் கூடக்கூடச் செலவும் கூடும் என்றும் காரணம் காட்டுகிறது. புள்ளிவிவரமே பேசும் அரசாங்க நடையினுள் எடையோடும் வயதோடும் ஒரு குழந்தை வந்து நிற்கிறது. இது காணொளிகளின் விளைவு என்று சாதிக்க ஆசைதான். ஆனால் இதே வாசகம் 2021 மார்ச் கொள்கையிலும் உள்ளது, கண்ணூர்க் காணொளியோ அவ்வாண்டு ஜூலையில் எழுந்தது. ஆகவே வாசகத்துக்கு மூலம் பெற்றோரின் மனுக்களும் வழக்குகளுமே ஆகலாம். ஆனால் 2021-இல் குழந்தைக்குக் குழந்தை தனித்தனியே வழங்கப்பட்ட வரிவிலக்கு, 2023-இல் எல்லோருக்கும் பொது விதியானதற்கு, இடையில் பெருகிய காணொளிகளின் நெருக்குதலைத் தவிர வலுவான வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

இத்தகைய காணொளிகளுக்கு முன்பே திரைப்படமும் ஆரோக்கியமும் கூடியதுண்டு. ராக்பெல்லர் நிறுவனம் 1920-இல் கொக்கிப்புழுவைப் பற்றிப் படமெடுத்தபோது, பேசியவர் அதிகாரி, கேட்டவர் ஜனங்கள். ஆமதாபாதில் சேவா என்னும் உழைக்கும் பெண்களின் சங்கத்தினர் 1984-இல் தாமே வீடியோ கருவியைக் கையிலெடுத்தபோது அந்தத் திசை மாறியது.

அவ்வாறு தாமே பேச வேண்டியவர்கள் நம் மலையோரத்திலும் உண்டு. போடிநாயக்கனூரில் விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, முந்தலையும் போடிமெட்டையும் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் தூரடியில் குனிந்து காய் எடுத்து, அந்தியில் இறங்கிவரும் தாய்மார்களுக்கு ரேஷன் அட்டை தேனி மாவட்டத்தில், கூலி கேரளத்தில். அவர்களில் ஒருத்தியின் குழந்தைக்குக் கௌச்சர் போன்ற அரிய நோய் வந்தால், அரிய நோய்க் கொள்கையின்படி அரசு தரும் உதவிக்கு 2022 முதல் உச்சவரம்பாக உள்ள 50 லட்சத்தைக் கோரச் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கு ரயிலேற வேண்டும். ஆயுள் முழுதும் தேவைப்படும் மருந்துக்கு அத்தொகை அதிகம் போனால் சில ஆண்டுகளுக்கே வரும்.

ஆதலால் அம்மலைச் சரிவுகளில் காணொளி எடுக்க முனையும் இளைஞர்களிடம் என் விண்ணப்பம் இதுவே: குழந்தையின் முகத்தைக் காட்டிய பிறகு வங்கிக் கணக்கு எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள், மாதந்தோறும் ஆகும் மருந்துச் செலவைச் சொல்லி, சென்னையும் திருவனந்தபுரமும் தத்தம் வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு நிதி ஒதுக்க வேண்டுமென்று பெயர் குறித்துக் கேளுங்கள்.