வீட்டு வாசலில் நிலைக்கும் பூச்செடிகள்: தேர்வு முதல் நடவு வரை

தோட்டத்து லயங்களில் வீட்டுக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று நிலம் இருந்தது. மல்லிகையும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வாசலிலேயே பூத்தன. முருங்கையும் கறிவேப்பிலையும் பின்கட்டில் நின்றன. தாமானில் வரிசை வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் குடிவந்த பிறகு நமக்கு மிஞ்சியிருப்பது சிறு மண் பட்டையோ ஐந்தாறு பூச்சட்டிகளோதான். பலர் தீபாவளிக்கு முன்பு நர்சரியில் பூத்துக் குலுங்கும் சட்டிகளை வாங்கி வருகிறார்கள். ஒரு மாதத்தில் அவை வாடிப் போகின்றன.

வாங்கியவரின் கைராசியைக் குறை சொல்வதற்கு இல்லை. கேமரன் மலையின் குளிரில் வளர்ந்த செவ்வந்தி சமவெளியின் வெப்பத்தில் நீடிப்பதில்லை. பருவச் செடி பூத்து முடிந்ததும் தானாகவே மடியும். இடம் குறைவாக உள்ள வீட்டுக்கு ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நிற்கும் செடிகளே ஏற்றவை. புதர்ச்செடிகள், பல்லாண்டுச் செடிகள், கிழங்குச் செடிகள் ஆகிய மூவகையும் அதில் அடங்கும்.

முதலில் வெயிலைப் பாருங்கள்

செடியை வாங்குவதற்கு முன் நடப்போகும் இடத்தில் எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று முறை பார்த்தால் போதும். காகிதப்பூ, செம்பருத்தி, மல்லிகை, இட்லிப்பூ ஆகியவை நன்றாகப் பூக்க ஏறக்குறைய ஆறு மணி நேர வெயில் வேண்டும். பாண்டான் போன்றவை அரை நிழலிலும் வளரும்.

நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்கிறோம். ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து செல்லும். மற்ற மாதங்களில் தெற்கே சாயும். அதனால் வடக்குப் பார்த்த வாசலில் ஜூனில் விழும் வெயில் டிசம்பரில் விழாது. தெற்குப் பார்த்த வாசலுக்கு இது நேர்மாறு. இத்தகைய இடங்களில் செடிகளைச் சட்டியில் வைத்து, ஆண்டுக்கு இரு முறை இடம் மாற்றுவது நல்லது. கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் காலை வெயில் கிடைக்கும். பெரும்பாலான செடிகளுக்கு அது ஒத்துக்கொள்ளும். மேற்கு வெயில் கடுமையானது. அங்கே காகிதப்பூவும் இட்லிப்பூவும் தாக்குப்பிடிக்கும்.

மண்ணைச் சரிசெய்தல்

புதிய தாமான்களில் வாசல் மண் பெரும்பாலும் கெட்டிக் களியும் கட்டுமானக் கழிவும் கலந்தது. நட்ட செடி ஊன்றாமல் போக முதல் காரணம் நீர் வடியாமைதான். சோதிப்பது எளிது. ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். நான்கைந்து மணி நேரம் கழித்தும் நீர் தேங்கியிருந்தால் அந்த இடத்தில் நேரடியாக நடாதீர்கள். செங்கல் அடுக்கி ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி அமைத்து நடுங்கள்.

நர்சரிகளில் வழக்கமாகப் பயன்படுத்தும் மண் கலவை 3:2:1 ஆகும். மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மட்கிய எரு, ஒரு பங்கு மணல். காகிதப்பூவுக்கும் கிழங்குச் செடிகளுக்கும் மணலைக் கூட்டிக்கொள்ளலாம். கோழி எருவை நன்கு மட்கிய பிறகே சேர்க்க வேண்டும். பச்சை எருவின் சூடு வேரைக் கருக்கிவிடும்.

மலேசியாவின் உள்நாட்டு மண் பொதுவாகப் புளிப்புத் தன்மை உடையது. இட்லிப்பூவுக்கு அது பிடிக்கும். அதே இட்லிப்பூவைச் சிமெண்டுச் சுவரை ஒட்டி நட்டால் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு, வேர் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் செய்வதே காரணம். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி நடுங்கள்.

புதர்ச்செடிகள்

செம்பருத்தி: 1960-இல் மலேசியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட புங்கா ராயா இதுதான். செடிக்குச் செடி மூன்று அடி இடைவெளி விடுங்கள். புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால் ஆண்டுக்கு இரு முறை கவாத்து செய்வது அவசியம். நுனியில் மாவுப்பூச்சி படிந்தால் அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, மற்ற இடங்களில் சோப்புநீர் தெளிக்கலாம்.

மல்லிகை: மலாய்க்காரர்கள் மெலூர் என்பார்கள். நல்ல வெயில் வேண்டும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் புதுத் தளிர் விட்டு மீண்டும் மொட்டு வைக்கும். இலை மட்டும் தழைத்துப் பூ வராவிட்டால் தழைச்சத்து உரம் கூடிவிட்டது அல்லது வெயில் போதவில்லை என்று கொள்ளலாம்.

நந்தியாவட்டை: பூசைக்குத் தினமும் வெள்ளைப் பூ வேண்டுவோருக்கு இதைவிட எளிய செடி இல்லை. அரை வெயிலிலும் பூக்கும். ஒற்றை அடுக்கு, பல அடுக்கு என இரு வகையும் நர்சரிகளில் கிடைக்கும்.

இட்லிப்பூ: வேலிக்கு ஏற்றது. ஒன்றரை முதல் இரண்டு அடிக்கு ஒன்றாக நட்டால் ஓரிரு ஆண்டுகளில் அடர்ந்துவிடும்.

காகிதப்பூ: நீர் மிகுந்தால் இலையும் நீர் சற்றுக் குறைந்தால் பூவும் தரும் செடி. நம் ஊர் மழைக்கு இதைச் சட்டியில் வைப்பதே நல்லது. மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் நீர் ஊற்றுங்கள்.

பல்லாண்டுச் செடிகள்

கல்வாழையும் ஹெலிகோனியாவும் மண்ணுக்கடியில் படர்ந்து கூட்டமாக வளர்பவை. ஈரம் மிகுந்த மூலைக்குக் கல்வாழை பொருந்தும். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால் பக்கத்திலிருந்து புதுத் தண்டு எழும். ஹெலிகோனியா வேகமாகப் பரவும் என்பதால் சிறு வாசலில் குள்ள வகையை மட்டும் நடுங்கள்.

நித்திய கல்யாணி வெயிலும் வறட்சியும் தாங்கும். தேங்கும் நீரைத் தாங்காது. மழைக்காலத்தில் அழுகுவதற்கு அதுவே காரணம். துளசி சில ஆண்டுகள்தான் வாழும். கதிரை அவ்வப்போது கிள்ளி வந்தால் அதன் ஆயுள் கூடும். ஒன்றிரண்டு கதிரை மட்டும் முற்றவிட்டு விதை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டானும் செராய் எனப்படும் எலுமிச்சைப் புல்லும் சமையலுக்கும் உதவும். ஓரக் கரைக்கும் அழகு சேர்க்கும்.

கிழங்குச் செடிகள்

துலிப், டாஃபடில் கிழங்குகளை வாங்கி ஏமாற வேண்டாம். அவை பூக்கப் பல வாரக் கடுங்குளிர் தேவை. சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டத்தில் துலிப் கண்காட்சி நடப்பது குளிரூட்டப்பட்ட கூடத்துக்குள்தான். நம் வெப்பத்துக்கு ஏற்ற கிழங்குகள் வேறு.

நிலசம்பங்கி: மாலைக்கும் மணத்துக்கும் பேர்போனது. வெயில் விழும் இடத்தில், நீர் வடியும் மண்ணில் இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். அதைச் சுற்றி முளைக்கும் பக்கக் கிழங்குகளே அடுத்த முறை பூக்கும். ஆகவே பூத்ததும் செடியைப் பிடுங்கி எறியாதீர்கள்.

மழை லில்லி: சிறு வெங்காயம் போன்ற கிழங்கு. சில நாள் காய்ச்சலுக்குப் பின் ஒரு பெருமழை பெய்தால் சில நாட்களில் கூட்டமாகப் பூக்கும். நான்கு அங்குல இடைவெளியில் வாசல் ஓரத்தில் வரிசையாக நடலாம்.

வெள்ளைச் சிலந்தி லில்லி: நம் சாலையோரங்களில் அடிக்கடி காணும் செடி. கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேல் தெரியும்படி நட வேண்டும். முழுக்கப் புதைத்தால் அழுகும்.

மஞ்சள்: பொங்கல் பானைக்கு இலையோடு மஞ்சள் கொத்து வேண்டுமா? மே அல்லது ஜூன் மாதத்தில் முளை உள்ள துண்டை இரண்டு அங்குல ஆழத்தில் நட்டால் தை பிறக்கும்போது கொத்து தயாராக இருக்கும். இலை ரெண்டாங் சமையலுக்கும் ஆகும்.

செங்காந்தள்: தமிழ்நாட்டின் மாநில மலர். இலை நுனியைச் சுருட்டிப் பற்றி ஏறும் கொடி. கிழங்கின் ஒரு முனையில்தான் முளை இருக்கும். அது ஒடிந்தால் கிழங்கு வீண். பூத்த பின் கொடி காய்ந்துவிடும். செடி செத்துவிட்டது என்று எண்ணித் தோண்டாமல், நீரைக் குறைத்து ஓய்வு கொடுங்கள்.

நடும் முறை

1. மேற்குக் கரை மாநிலங்களில் பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், அக்டோபர் மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. கிளந்தான், திரங்கானு, பகாங் கடலோரங்களில் நவம்பர் முதல் ஜனவரி வரை நடவைத் தவிர்க்கவும்.

2. மாலை வேளையில் நடுங்கள். சட்டியோடு செடியை நீரில் ஊறவைத்து, பிறகு வெளியே எடுங்கள்.

3. குழியின் அகலம் வேர்க்கட்டியைப் போல் இரு மடங்கு இருக்கட்டும். ஆழம் வேர்க்கட்டியின் உயரம் அளவே போதும். ஆழமாகப் புதைந்த தண்டு அழுகும்.

4. வட்டமாகச் சுற்றிய வேர்களை விரலால் பிரித்துவிடுங்கள்.

5. மண்ணை அணைத்து, நன்றாக நீர் ஊற்றி, காய்ந்த இலையோ தென்னை நாரோ இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் பரப்ப வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்கள் நிர்வாகத்திடம் கேட்டு மட்கிய வெறுங்குலையைப் பயன்படுத்தலாம்.

6. முதல் ஒரு மாதம் உரம் தேவையில்லை. பிறகு மாதம் ஒருமுறை சிறிதளவு கலப்பு உரம் போதும். நம் மழை உரத்தைக் கழுவிச் செல்லும் என்பதால், ஒரேயடியாகப் போடுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே பயன் தரும்.

வீடு மாறுவோர் கவனத்துக்கு

தோட்டம் கைமாறி, லயத்தை விட்டு வெளியேறும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பாட்டி நட்ட மல்லிகையைப் பெயர்த்துக்கொண்டு வருவது பெரும்பாலும் பலிப்பதில்லை. முதிர்ந்த வேர் அறுபட்டால் செடி மீள்வது கடினம். ஆனால் அதே செடியைத் தண்டுத் துண்டாகக் கொண்டுவரலாம்.

புறப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். பென்சில் பருமனில், அரை அடி நீளத் துண்டுகளைக் கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். மல்லிகைக்குச் சற்று மெல்லிய தண்டே போதும். மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, ஈர மணலும் உமிக்கரியும் கலந்த பையில் பாதி புதையும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ, மல்லிகை எல்லாம் இப்படி வேர்விடும். பொதுவாக நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகும். எல்லாத் துண்டும் பிழைக்காது என்பதால் ஒவ்வொன்றிலும் பத்துத் துண்டாவது வையுங்கள். கறிவேப்பிலைக்கு வேரிலிருந்து முளைக்கும் கன்றைப் பிரித்து எடுக்கலாம். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே செடி கொண்டு செல்ல விதிமுறைகள் உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள்

நஞ்சு: அரளியின் எல்லாப் பாகமும் நச்சு. வெட்டிய கிளைகளை எரிக்காதீர்கள், புகையும் தீங்கானது. செங்காந்தள் கிழங்கு உயிரைப் பறிக்கக் கூடியது. நித்திய கல்யாணியையும் கைவைத்தியம் என்று மென்று தின்னக் கூடாது. லில்லிக் கிழங்குகள் பார்வைக்கு வெங்காயம் போலவே இருப்பதால் சமையலறையில் வைக்கவே வேண்டாம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அரளியையும் செங்காந்தளையும் தவிர்ப்பதே நல்லது.

கொசு: ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே போதும். பூச்சட்டித் தட்டில் நிற்கும் நீரே அதற்குத் தாராளம். தட்டை எடுத்துவிடுங்கள் அல்லது மணலால் நிரப்புங்கள். கொசு இனப்பெருக்கம் கண்டுபிடிக்கப்பட்டால் மலேசியாவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தண்டனை உண்டு. சிங்கப்பூரிலும் அபராதம் விதிக்கப்படும்.

இடம்: வேலிக்கு வெளியே உள்ள நிலம் பெரும்பாலும் ஊராட்சி மன்றத்துக்குரியது, அங்கே நடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். அடுக்குமாடியில் கைப்பிடிச் சுவர்மேல் சட்டி வைக்காதீர்கள். காற்றில் விழுந்தால் கீழே போகிறவர் உயிருக்கே ஆபத்து. சிங்கப்பூர் வீவக தாழ்வாரங்களில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும்.

ஒரு சிறு திட்டம்

இருபது அடி அகல வரிசை வீட்டின் வாசலுக்கு இப்படிச் செய்து பார்க்கலாம். வேலியோரமாக ஐந்து இட்லிப்பூ. கதவுக்கு ஒரு பக்கம் மல்லிகை, மறுபக்கம் நந்தியாவட்டை. முன் ஓரத்தில் ஒரு வரிசை மழை லில்லி. வெயில் மிகுந்த மூலையில் ஒரு சட்டி காகிதப்பூ, துளசிக்கு ஒரு சட்டி, மஞ்சளுக்கு ஒரு சட்டி. அடுக்குமாடியில் இருப்போர் ஓர் அடி அகலச் சட்டிகளில் மல்லிகை, துளசி, மழை லில்லி மூன்றையும் வைத்துத் தொடங்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்க வேண்டியதில்லை. முதலில் இரண்டு புதர்ச்செடிகளை நட்டு, ஆறு மாதம் அவை எப்படி வளர்கின்றன என்று பாருங்கள். மீதிச் செடிகளில் பாதி, அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டாலே தண்டாகவும் கிழங்காகவும் கிடைத்துவிடும்.