கிராம அறிவு மையங்கள் (புதுச்சேரி)

ஆய்வு நிறுவனங்களிடம் உள்ள அறிவியல் தகவல்களை உழவர், மீனவர் ஊர்களுக்கு அவர்கள் பேசும் தமிழிலேயே கொண்டுசேர்க்க 1998-இல் புதுச்சேரி வட்டாரத்தில் தொடங்கப்பட்ட மையங்கள். சென்னை தரமணியிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியோடு இவற்றை நிறுவியது.

நடுமையமான வில்லியனூரில் திரட்டித் தமிழாக்கப்பட்ட தகவல்கள் எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களுக்குப் போயின. மையத்துக்கு இடம் தரவேண்டியது ஊரார் பொறுப்பு. எல்லாச் சாதியினரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. கணினியை இயக்கியோர் ஊரிலேயே பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அவர்களில் பெண்களே மிகுதி. என்ன தெரிய வேண்டும் என்று ஊராரைக் கேட்டுவிட்டுத்தான் தகவல் திரட்டினார்கள். உழவர்கள் தானிய விலையையும் அரசுத் திட்டங்களையும் கேட்டார்கள்; மீனவர்கள் கடலின் நிலையைக் கேட்டார்கள்.

வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்டுவந்த அலை உயர முன்கணிப்பு இறக்கப்பட்டு, தமிழில் ஒலிபெருக்கிவழி வாசிக்கப்பட்டது. இத்திட்டத்தைப் பற்றி எழுதுவோர் கணினியைப் புகழ்வது வழக்கம். மீனவர் காதுக்குச் செய்தியைக் கொண்டுபோனதோ ஒலிபெருக்கிக் குழாய்.

ஆனால் எண்ணை வாசித்தால் மட்டும் போதாது. முன்கணிப்பில் வரும் அலை உயரம், எழும் அலைகளில் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி. 2 மீட்டர் என்று அறிவித்த கடலில் ஏறக்குறைய 4 மீட்டர் உயரத் தனி அலையும் எழலாம். இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுமரக்காரர் 2 மீட்டருக்கே ஆயத்தமாகப் போவார். வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றையும் நீவாட்டையும் (கடல் நீரோட்டத்தையும்) கணித்துத் தொழில் செய்பவர், கேட்ட அறிவிப்பைத் தம் கணிப்போடு ஒட்டிப் பார்ப்பார். பொய்த்த அறிவிப்பை மறுமுறை நம்பமாட்டார்.

2004 டிசம்பர் 26 அன்று, மையம் இருந்த மீனவ ஊர்களுள் ஒன்றான நல்லவாட்டைச் சேர்ந்த, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்ததும் ஊர் வெளியேறியது, உயிரிழப்பு நேரவில்லை. இதை அறிவியல் தகவல் பரப்பலின் வெற்றி என்று காட்டுவது பாதிதான் சரி. எச்சரித்தது எந்த ஆய்வகமும் அன்று. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-இல்தான். நல்லவாட்டைக் காத்தவை ஓர் ஊர்க்காரரின் அக்கறை, கையெட்டும் இடத்தில் இருந்த ஒலிபெருக்கி, அதன்மேல் ஊர் வைத்திருந்த நம்பிக்கை.

கரையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் ஆழ்கடலுக்குக் கேட்காது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்துத் தங்குகடல் மீனவர்கள் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பவர்கள்) பலர் எச்சரிக்கைக்கு முன்பே கடலேறியிருந்தனர். 2019-இல் அறிமுகமான ஜெமினி என்னும் கருவி, செயற்கைக்கோள் வழியே வரும் இன்காய்ஸ் எச்சரிக்கையைப் படகிலிருக்கும் கைபேசிக்குத் தருகிறது. செய்தியைப் பெற மட்டுமே அது உதவும். கடலின் நிலையைக் கரைக்குச் சொல்ல அதில் வழியில்லை.